குழம்பு எந்த அத்தியாயம்?

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு முதலாளி போன். "பில் ஆஃப் என்ட்ரில பார்ட்டி பேருக்கு நடுவுல ஒரு புள்ளி விட்டுப் போச்சுப்பா." புள்ளி! 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தைப் பிரித்து, மஞ்சள் ஹைலைட்டரின் மூடியை அப்போதுதான் கழற்றியிருந்தேன். புள்ளியை வைத்துவிட்டு வருவதற்குள் ஹைலைட்டர் காய்ந்துவிட்டது. நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேன். நாலு மணிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டையில் அலாரமே வீண்செலவு. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து எழுப்பிவிடும். புத்தகத்தின் முன்னால் உட்கார வைப்பதற்குத்தான் ஆளில்லை.

சுங்கத் தரகரின் ஊழியன் என்று சொல்லும் ஜி கார்டைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் படி ஏறி இறங்குவதில் பதினெட்டு வருஷம் போயிற்று. லைசென்ஸ் முதலாளி பேரில், கண்ணெரிச்சல் என் பேரில். நானே தரகராவதற்கான எஃப் கார்டு பரீட்சையில் 150 கேள்வி, இரண்டரை மணி நேரம். சரியான விடைக்கு மூன்று மார்க், தப்புக்கு ஒன்று கழிவு. 450-க்கு 270 வாங்கினால்தான் வாய்மொழித் தேர்வு வாசலையே மிதிக்கலாம். "தினம் செய்யற வேலைதானே?" என்கிறார்கள். தினம் சோறு தின்கிறவன் நாற்று நட்டுவிடுவானா?

வேலைக்குப் போகிறவன் தேறாததற்கு மூன்று காரணங்கள். மூன்றாவதுதான் முக்கியம், கடைசியில் சொல்கிறேன். முதலாவது, டாரிஃப் புத்தகம். 98 அத்தியாயம். 77-ஆம் அத்தியாயம் மட்டும் காலி, பிற்காலத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நான் முழுசாக முடித்தது அதைத்தான்.

மீதியை நடைமுறையில் வைத்துப் படிக்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போனேன். ஐஸில் கிடந்த வஞ்சிரம், டாரிஃப் எண் 0302. மீன் விற்கும் அம்மா அதைத் துண்டு போட்டார். முள்ளோடு இருக்கும்வரை அதே 0302; முள்ளை எடுத்துவிட்டால் 0304. பக்கத்துக் கூடையில் கருவாடு, 0305. இறால் 0306. அதை ஓட்டோடு வெந்நீரில் வேகவைத்தாலும் 0306-தான். ஓட்டை உரித்துவிட்டு வேகவைத்தால், அதே இறால், அதே தண்ணீர், 1605! "அண்ணே, வாங்குறியா, பார்த்துக்கினே நிப்பியா?" என்றார் அந்த அம்மா.

வீட்டில் மசாலா போட்டதும் வஞ்சிரம் 1604-க்குக் குடிபெயர்ந்தது. இதில் ஒரு வில்லங்கம்: எடையில் இருபது சதவீதத்துக்கு மேல் மீன் இருந்தால்தான் அந்தக் குழம்புக்கு 16-ஆம் அத்தியாயத்தில் இடம். ஞாயிறு மத்தியானம் தாராளமாக இருந்தது. திங்கள்கிழமை காலை, பையன் துண்டுகளைப் பொறுக்கிவிட்ட பிறகு, சட்டியில் மாங்காயும் வால் பக்கமும்தான் மிச்சம். இனி இது 21-ஆம் அத்தியாயம். அங்கேயும் தகராறு: சாஸ் என்றால் 2103, சூப் என்றால் 2104. கெட்டியாக இருந்தது, ஆகவே சாஸ். மனைவி வெந்நீர் ஊற்றிச் சுடவைத்தாள், சூப் பக்கம் சாய்ந்தது. இட்லி மேல் ஊற்றினால்?

"ஏம்மா, இதுல மீன் இருபது சதவீதம் தேறுமா?"

கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாங்க, குழம்புக்கும் தராசு வெக்கணுமா? நாளைக்கி ரசம்தான்."

ரசம். சந்தேகமே இல்லை, 2104. மூன்று மார்க்.

மீதி இரண்டு காரணங்களையும் நாளைக் காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறேன்.