பெயரிலேயே மூன்று க்யூ

நான் வாங்கிய சரக்கின் பெயர் எஸ்க்யூக்யூக்யூ. எங்கள் ஊர் ரேஷன் கடையில்கூட சர்க்கரைக்கு ஒரு க்யூ, மண்ணெண்ணெய்க்கு ஒரு க்யூ என்று இரண்டோடு விட்டுவிடுவார்கள். பெயரிலேயே மூன்று க்யூ வைத்திருப்பதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பங்கைப் போலவே விற்கும் ஈ.டி.எஃப். என்ற வகை முதலீட்டு நிதி அது. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமனாருக்கு அதை விளக்க முயன்றேன். மனிதர் ஊரில் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். உரசிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

"நாஸ்டாக் 100னு ஒரு குறியீடு மாமா. பெரிய பெரிய டெக்னாலஜி கம்பெனிகள் எல்லாம் அதுல இருக்கு. அது ஒரு நாளில் ஒரு சதவீதம் இறங்கினா, இது மூணு சதவீதம் ஏறும்."

"அது ஏறினா?"

"இது மூணு மடங்கு இறங்கும்."

"அதாவது, கம்பெனியெல்லாம் நாசமாப் போனா உங்களுக்கு லாபம்."

"அப்படியும் சொல்லலாம்."

"நீங்க வேலை பார்க்கறது அதுல ஒரு கம்பெனிதானே மாப்பிள்ளை?"

காபி ஆறுகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். என் ஓய்வூதியச் சேமிப்பான 401கே முழுவதும் அதே குறியீட்டில்தான் கிடக்கிறது என்ற உண்மையை அவரிடம் சொல்லவில்லை. குடை விற்கும் மகனுக்காக மழையும், அப்பளம் போடும் மகனுக்காக வெயிலும் வேண்டிக்கொண்ட தாயின் கதை நமக்குத் தெரியும். என் வீட்டில் குடையும் நான், அப்பளமும் நான்.

இந்தச் சரக்கின் சூட்சுமம் 'ஒரு நாளில்' என்ற சொல்லில் இருக்கிறது. இது தினக்கூலி. சாயங்காலம் கணக்கை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை நேற்று என்ற ஒன்றே இல்லாததுபோல் தொடங்கும். குறியீடு 100இலிருந்து 90க்கு இறங்கி, மறுநாள் 100க்கே திரும்பி வருகிறது என்று வையுங்கள். முதல் நாள் நம் 100 டாலர் 130 ஆகும். மறுநாள் குறியீடு ஏறுவது 11.11 சதவீதம், அதன் மூன்று மடங்கு போனால் மிஞ்சுவது 86.67. சரி, ஏறும் என்று மூன்று மடங்கு பந்தயம் கட்டியவனாவது பிழைத்தானா என்றால், அவன் கையில் 93.33. இருவர் பணமும் கரைய, குறியீடு மட்டும் சமர்த்தாகப் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. விலை ரொம்பவும் தேய்ந்துபோனால் ஐந்து பங்கை ஒரு பங்காகச் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். இதை ஒரு நாளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2009லேயே எச்சரித்துவிட்டது.

ஆகவே இது கீரைக்கட்டு. காலையில் வாங்கினால் மாலைக்குள் தள்ளிவிட வேண்டும். நானும் அந்த எண்ணத்தில்தான் இறங்கினேன். ஆனால் கடன் வசதியுள்ள கணக்கில் 25,000 டாலருக்குக் குறைவாக வைத்திருப்பவன், ஐந்து வேலை நாட்களில் மூன்று முறைதான் வாங்கிய அன்றே விற்கலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. நான்காவது முறை செய்தால் கணக்கில் முத்திரை குத்திக் கையைக் கட்டிவிடுவார்கள். சின்ன முதலீட்டாளனைக் காப்பாற்றப் போட்ட விதி. அதன் புண்ணியத்தில், கீரையை ராத்திரி வீட்டில் வைத்திருக்க வேண்டிய யோகம் என்னைப் போன்ற சின்ன முதலீட்டாளனுக்குத்தான் கிடைத்தது. என்னிடம் இருந்தது 18,000 சொச்சம்.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் உலக நாடுகளுக்கெல்லாம் இறக்குமதி வரியை அறிவித்தார். 3ஆம் தேதியும் 4ஆம் தேதியும் சந்தை சரிந்தது. இரண்டு நாளும் காலையில் வாங்கி மாலையில் விற்றேன். லாபம். இரண்டே நாளில் என் நடையே மாறிவிட்டது என்றாள் மனைவி. காய்கறிக் கடையில் கொத்தமல்லியை விலை பார்க்காமல் எடுத்தேனாம்.

7ஆம் தேதி திங்கட்கிழமை, வரியை 90 நாள் தள்ளிவைக்கப் போகிறார்கள் என்று காலையில் ஒரு செய்தி கிளம்பியது. சந்தை நிமிடங்களில் எகிறியது. பதறிப்போய் நஷ்டத்துக்கு விற்றேன். விற்று முடித்ததும், அது பொய்ச் செய்தி என்று வெள்ளை மாளிகை சொல்லிவிட்டது. சந்தை மறுபடி விழுந்தது. மூன்று முறையும் தீர்ந்தது. நிகர லாபம் 412 டாலர்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் சந்தை சரியச் சரிய, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க முடியவில்லை. மாலை மூன்றே முக்காலுக்கு 18,000 டாலருக்கும் வாங்கினேன். அன்றே விற்க முடியாது. போகட்டும், நாளைக் காலையில் முதல் வேலையாக விற்றுவிடலாம்.

புதன்கிழமை விடிந்தது. பதிலுக்கு 84 சதவீத வரி என்றது சீனா. சந்தை திறக்கும் முன் என் கீரை பச்சைப்பசேல் என்று லாபத்தில் இருந்தது. விற்றிருக்கலாம். மத்தியானம்வரை பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

ஒன்றரை மணியிருக்கும். தயிர்சாதமும் நார்த்தங்காயும். மாமனார் போனில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், "மாப்பிள்ளை, வரியை 90 நாள் தள்ளி வச்சுட்டாராமே?" என்றார்.

நான் சிரித்தேன். "அது திங்கட்கிழமைப் புரளி மாமா. உங்க ஊர்க்காரங்களுக்கு இப்பதான் வந்து சேர்ந்திருக்கு."

"புலி வருதுன்னு மூணாவது தடவை சொன்னப்ப வந்துடுச்சே," என்றார் அவர், நார்த்தங்காயை நகர்த்தியபடி.

இங்கே இரண்டாவது தடவையே வந்துவிட்டது. அதிபரே சமூக ஊடகத்தில் எழுதியிருந்தார். நாஸ்டாக் கூட்டுக் குறியீடு அன்று 12.16 சதவீதம் ஏறி முடிந்தது. 2001 ஜனவரிக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு ஏறியதில்லை. நாஸ்டாக் 100 சுமார் 12. மூன்றால் பெருக்க எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை.

மூன்று மணிக்கு அலுவலகக் காணொளிக் கூட்டம். திரையில் எல்லோருக்கும் கல்யாண முகம்; அவர்களின் 401கே ஏறியிருக்கிறதே! என்னுடையதும் ஏறித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தை அபராதம் இல்லாமல் எடுக்க எனக்கு ஐம்பத்தொன்பதரை வயதாக வேண்டும். போன பணத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. மூன்று ஐம்பதுக்கு விற்றேன்: 6,480 டாலர் நஷ்டம்.

மறுநாள் நாஸ்டாக் 100 நான்கு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதாவது, நான் விற்ற கீரை மறுநாள் தளதளவென்று துளிர்த்துவிட்டது. இதை மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று காலைக் காபியை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

இந்த ஊர் வருமான வரிச் சட்டப்படி, சம்பள வருமானத்திலிருந்து பங்கு நஷ்டத்தை வருடத்துக்கு 3,000 டாலர்வரைதான் கழிக்கலாம். மிச்சம் அடுத்தடுத்த வருடங்களுக்குப் போகும். 412 லாபம் போக என் நஷ்டம் 6,068. 2025க்கு 3,000. 2026க்கு 3,000. பாக்கி 68 டாலரை 2027ஆம் ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.