தட்டும் பந்தும்

அமெரிக்காவின் பழைய பட்டணங்கள் எதிலும் இவரைச் சந்திக்கலாம். நியூயார்க், சிகாகோ, கான்சஸ் சிட்டி, எங்கே போனாலும் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் உண்டு. வயது அறுபதை இப்போதுதான் தாண்டியிருக்கும். தலையில் ‘பி’ எழுத்துப் போட்ட, நீலம் வெளுத்துச் சாம்பலாகிப்போன பேஸ்பால் தொப்பி. அது புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தொப்பி. அந்த அணி 1957 சீசனோடு மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. அவர்கள் ஆடிய எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தை 1960-இல் இடித்து, அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டி, குடிவந்தவர்களுக்குப் பேரன் பேத்தியும் பிறந்தாகிவிட்டது. இவர் மட்டும் இன்னும் துக்கம் காக்கிறார். இத்தனைக்கும் அணி ஊரைவிட்டுப் போனபோது இவர் பிறக்கவேயில்லை. அதனால் என்ன? துக்கம் காப்பவர் செத்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

தோளில் ஒரு துணிப்பை. உள்ளே மூன்று சாமான்கள்: சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, கூராகச் சீவிய பென்சில். முதல் இரண்டும் ஜாஸ் இசைத்தட்டுக்கு, மூன்றாவது பேஸ்பாலுக்கு. ஒரே ஒரு பித்து பிடித்தவர் என்றால் வீட்டார் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். பந்துப் பித்தர் குளிர்காலத்தில் தெளிந்துவிடுவார். தட்டுப் பித்தர் கடை அடைத்த பிறகாவது வீடு திரும்புவார். இவர் இரட்டைப் பித்தர். ஒன்று தணிகிற நேரம் பார்த்து மற்றது ஏறும். ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை பந்து. அணி ஒன்றுக்கு 162 ஆட்டம். நவம்பர் தொடங்கி மார்ச் வரை கடை கடையாகத் தட்டு. மகள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் அந்த வீட்டில் பட்ட பாட்டை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

இவர் தட்டுக் கடைக்குள் நுழைவது ஒரு காட்சி. மற்றவர்கள் உறையில் உள்ள படத்தைப் பார்ப்பார்கள், யார் வாசித்தது என்று பார்ப்பார்கள், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இவர் தட்டைப் பாதி வெளியே இழுத்து, ஓரத்தை உள்ளங்கையிலும் நடுவை விரல் நுனியிலும் தாங்கி, டார்ச்சைச் சாய்த்து அடித்து, கடைசிக் கோடு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெறும் வளையத்தை ஆராய்வார். அங்கேதான் ஜாதகம் இருக்கிறது. 1950-களில் வந்த புளூ நோட் கம்பெனித் தட்டு என்றால் அதில் ‘ஆர்விஜி’ என்ற மூன்று எழுத்து இருக்க வேண்டும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் முத்திரை அது. பகலில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடிக்குப் பவர் எழுதிக் கொடுத்தவர் அவர். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தையே ஸ்டூடியோ ஆக்கி, ஜாஸ் உலகின் பெரிய கைகளையெல்லாம் 1959 வரை அங்கே வாசிக்க வைத்தார். சரி, ஆர்விஜி இருக்கிறது. அடுத்தது காது. பிளாஸ்டிலைட் என்ற தொழிற்சாலையில் அச்சான தட்டில் காது மடல் போல ஒரு சின்னக் கீறல் இருக்கும். அப்புறம் லேபிளில் ‘47 வெஸ்ட் 63-ஆம் தெரு’ என்று கம்பெனியின் பழைய விலாசம். அத்தனையும் பொருந்திவிட்டால் இவருக்கு மூச்சு வாங்கும். காது மட்டும் இல்லையென்றால், ரஜ்ஜு தட்டிப்போன வரனைப் போல மரியாதையாக உறைக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்.

“வாசிப்பு எப்படி சார் இருக்கும்?” என்று பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையன் தெரியாத்தனமாகக் கேட்பான்.

“தெய்வீகம். என்கிட்டயே மூணு இருக்கு.”

“அப்புறம் இது எதுக்கு?”

“அந்த மூணுல ஒண்ணுலகூடக் காது இல்லையேப்பா!”

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ இவர் வீட்டில் இரட்டைக் குழந்தை. 1959-இல் பதிவு செய்தபோது, முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பிடித்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடித் தொலைத்தது. அதனால் தட்டில் அந்தப் பாட்டுகள் சற்று வேகமாகவும், சுருதி ஏறியும் ஒலித்தன. 1992-இல்தான் கம்பெனி அதைச் சரிசெய்து வெளியிட்டது. இவரிடம் இரண்டும் இருக்கின்றன. விஷயம் தெரிந்த அன்று மனைவி கேட்டார்:

“அப்போ இத்தனை வருஷமா நீ தப்பாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா?”

“தப்பா வந்ததுதான் ஒரிஜினல். சரியா வந்தது மறுபதிப்பு.”

அந்த அம்மாள் அதற்குமேல் பேசவில்லை. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் கணவர் இதே நியாயத்தைச் சொல்லக்கூடும் என்று பயந்திருக்கலாம்.

இனி மைதானம். இவர் ஆட்டம் பார்க்கப் போவதில்லை. கணக்கு எழுதப் போகிறார். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஓர் எண் உண்டு. பந்து எறிகிற பிட்சர் 1, குந்தி உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, இப்படி வலப்பக்கக் கோடியில் நிற்பவர் 9 வரை. இவர் ‘6-4-3’ என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்குத் தள்ள, அங்கிருந்தவர் முதல் பேஸுக்கு எறிய, ஒரே மூச்சில் இரண்டு பேர் அவுட் என்று பொருள். பேட்டை வீசி ஏமாந்து அவுட்டானவருக்கு ‘கே’. வீசாமல் வேடிக்கை பார்த்து அவுட்டானவருக்கு அதே ‘கே’யை இடம் வலம் மாற்றித் திருப்பிப் போட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் துள்ளிக் குதித்து பீரை இவர் மடியில் கொட்டினாலும் கோபப்பட மாட்டார். நோட்டில் கொட்டினால்தான் கோபம்.

இத்தனை சிரத்தைக்கும் இயற்கை ஒரு சோதனை வைத்திருக்கிறது. அறுபது வயதுக்காரர் ஒன்பது இன்னிங்ஸ் முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார முடியாது. போய் வருவதற்குள் ஏதாவது நடந்துவிடும். அந்தக் கட்டத்தை இவர் காலியாக விட்டுவைப்பார். பிறகு முன்வரிசையில் ஒருவர், பின்வரிசையில் ஒருவர், சுண்டல் விற்கிற மாதிரி வேர்க்கடலை விற்றுக்கொண்டு போகிறவர் என்று மூன்று சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் பென்சில் தாளைத் தொடும்.

வீட்டில் ஆட்டம் பார்க்கும் முறை தனி. டி.வி.யில் படம் ஓடும், சத்தம் இருக்காது. வர்ணனையாளர்கள் பேசுகிற பேச்சுக்கு லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் எவ்வளவோ தேவலை என்று தட்டைப் போட்டுவிடுவார். எல்.பி. தட்டில் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிஷம். முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். ஊசியைப் பதமாக இறக்கும் அந்த அரை நிமிஷம் இவர் முதுகு டி.வி. பக்கம் இருக்கும். ஹோம் ரன் அப்போதுதான் அடிக்கப்படும்.

2023-இல் பேஸ்பால் நிர்வாகம் ஒரு கடிகாரம் வைத்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் பிட்சர் பந்தை எறிய வேண்டும். முன்பெல்லாம் பிட்சர் தொப்பியைச் சரிசெய்து, மண்ணை மிதித்து, வானத்தைப் பார்த்து, தன் வாழ்க்கையைப் பற்றி யோசித்துவிட்டு எறிவார். புது விதி வந்ததும், மூன்று மணி நேரத்துக்கு மேல் போன ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிஷத்தில் முடிந்தது. பலருக்கும் சந்தோஷம். இவர் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆட்டத்துக்கு ஒரு பக்கம் போச்சு” என்றார். ஒன்பது பக்கம் கேட்ட இடத்தில் எட்டுப் பக்கம்தான் கேட்க முடிகிறதாம். எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் என்று ஒன்று உண்டு, ஐந்து நாள் ஆடுவார்கள், நடுவே டீ குடிக்கப் போவார்கள், கடைசியில் யாரும் ஜெயிக்காமலும் முடியும் என்று இவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாட்டு விசாவுக்கு எங்கே மனுப் போடுவது என்று கேட்பார்.

ஜெரால்ட் எர்லி என்ற பேராசிரியர், இரண்டாயிரம் வருஷம் கழித்து அமெரிக்காவை மூன்றே விஷயங்களுக்காக நினைப்பார்கள், அரசியல் சட்டம், ஜாஸ், பேஸ்பால் என்று சொல்லி வைத்தார். அன்று முதல் இவரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றில் இரண்டில் தேறியாயிற்று. மிச்சம் உள்ள ஒன்றை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது இவர் கட்சி.

தட்டையும் பந்தையும் முடிச்சுப் போட இவரிடம் ஓர் ஆண்டு இருக்கிறது: 1956. அந்த ஜூலை 7 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழு வாசித்தது. எலிங்டனின் காலம் முடிந்தது என்று பலரும் அவரைக் கைகழுவியிருந்த நேரம். பால் கோன்சால்வஸ் சாக்ஸபோனை எடுத்தார். 27 சுற்று நிறுத்தாமல் ஊதினார். கூட்டம் நாற்காலி மேல் ஏறி ஆடியது. அதே வருஷம் அக்டோபர் 8 அன்று சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸ் பிட்சர் டான் லார்சன், இவருடைய டாட்ஜர்ஸைத்தான், 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடாமல் அனுப்பிவைத்தார். வேர்ல்ட் சீரிஸில் அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. “அங்கேயும் 27, இங்கேயும் 27!” என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நாம் வியக்க வேண்டும். கடைசியாக அவுட்டான டேல் மிட்செலுக்குத் திருப்பிப் போட்ட ‘கே’. 97-ஆவது பந்து. அது வெளியே போன பந்து என்று மிட்செல் சாதித்தார். இவரும் சாதிக்கிறார்.

நியூபோர்ட் தட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கோன்சால்வஸ் வேகத்தில் தட்டுக் கம்பெனியின் மைக்கை விட்டுவிட்டு வானொலிக்காரர்களின் மைக் முன்னால் போய் நின்றுவிட்டார். அது போதாதென்று, அந்த வருஷம் வந்த தட்டில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டிச் சேர்த்த சரக்கு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் டேப் பின்னாளில் அகப்பட்டு, 1999-இல்தான் உண்மைக் கச்சேரி வெளிவந்தது. இவர் அதையும் வாங்கினார். பொய்த் தட்டை விற்றாரா? அதில் பழைய லேபிள் இருக்கிறதே!

இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர், 1947, 48-இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்கு ஒலிப்பதிவு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். பார்க்கர் வாசித்தால் மெஷின் ஓடும். அவர் முடித்து அடுத்தவர் தொடங்கினால் பட்டென்று நின்றுவிடும். மற்றவர்கள் வாசிப்பதைப் பதிய அவருக்கு வசதியும் கிடையாது, மனசும் கிடையாது. ஊரே சிரித்திருக்கும். அந்த அரைகுறைப் பதிவுகள் 1990-இல் பெட்டியாக வெளிவந்தபோது ஜாஸ் உலகம் கும்பிட்டு வாங்கியது.

இந்தப் பித்தர்கள் எல்லாருக்கும் கோயில் கான்சஸ் சிட்டியில் இருக்கிறது. பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் கூடுகிற இடத்தில், ஒரே கட்டடத்தில் ஜாஸ் மியூசியமும் நீக்ரோ லீக் பேஸ்பால் மியூசியமும் உள்ளன. கறுப்பர்களைப் பெரிய லீகுகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920-இல், அவர்கள் தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கியது அந்த ஊரில்தான். சார்லி பார்க்கர் அதே வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கூட 1931-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பேஸ்பால் அணியைத் தத்தெடுத்துப் புத்தம்புது வெள்ளை உடுப்பு வாங்கிக் கொடுத்தார். உடுப்பு அழுக்காகிவிடும் என்று ஒருவரும் தரையில் சறுக்காமல் ஆட்டத்தைத் தோற்றார்கள் என்பது இவர் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. கிப்சன் பெயர் வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஜாஷ் கிப்சன் நீக்ரோ லீக்கின் மாபெரும் பேட்டர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். கறுப்பரான ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்துப் பெரிய லீகில் முதல்முறை கால் வைத்தது அதே வருஷம் ஏப்ரலில். கிப்சன் அடித்ததெல்லாம் வெறும் கர்ண பரம்பரைக் கதையாகவே நின்றிருக்கும். நம்மவரைப் போன்ற பென்சில் பைத்தியங்கள் பல வருஷம் பழைய கறுப்பர் பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாக ஸ்கோரைத் தேடி எடுத்துச் சரிபார்த்தார்கள். சாட்சி கிடைக்காத கட்டத்தைக் காலியாக விட்டார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்கைப் பெரிய லீக் தன் ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த டை காப் .367. கிப்சன் .372. அன்றிலிருந்து முதலிடம் கிப்சனுக்கு.

ஆகையால் இந்த மனிதர் எங்கேயாவது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு 1956-ஐப் பற்றி ஆரம்பித்தால் உதறிவிட்டு ஓடாதீர்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள். தட்டை நீட்டினால் மட்டும் ஓரத்தைப் பிடித்து வாங்குங்கள்.