சுண்ணாம்புக்கார சார்

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் பழைய வீடு வாங்கியவரைக் கண்டுபிடிப்பது சுலபம். யார் வீட்டுக்குப் போனாலும் காபிக்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்ப்பார். "சிமெண்ட்டா?" என்பார். ஆமாம் என்றால் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் முகம் தொங்கிவிடும்.

வாங்கியபோது அவர் இப்படி இல்லை. சென்னை அடுக்குமாடியில் காலம் தள்ளிய, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கீழே தமிழ்முறைத் திண்ணை, தேக்குத்தூண், முற்றம். மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல். ஒரே வீட்டில் இரண்டு ஊரா என்று சொக்கிப்போனார். "ரெண்டு பாத்ரூம் கட்டி, பெயிண்ட் அடிச்சா போதும், மழைக்கு முன்னாடி குடிவந்துடலாம்" என்றார். எந்த வருஷத்து மழை என்று மனைவி கேட்டிருக்கலாம்.

முதல் வேலை சுவர். முன்பிருந்தவர் ஈரத்தை மறைக்க சிமெண்ட் பூசியிருந்தார். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். கடற்காற்று ஊரில் கேட்க வேண்டுமா? உப்புப் பூத்து, கொத்திய இடத்தில் செங்கல் பொடியாகக் கொட்டியது. அன்று முதல் சார் சுண்ணாம்புக் கட்சி.

கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பை ஊறவைத்தார். பக்கத்தில் பீப்பாய்களில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின. புளித்த வாடை வீதி முழுக்கப் பரவியது. சாராயக்கடைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்த மனுஷன் ஏன் சொந்தமாக ஊறல் போடுகிறார் என்று எதிர்வீட்டுக்காரருக்குப் புரியவேயில்லை.

"சார், இந்தக் காசுக்கு வில்லியனூர்ல ரெண்டு மாடி எழுப்பிடலாம்" என்றார் மேஸ்திரி. சார் காதில் விழவில்லை.

விருந்தாளி வந்தால் கழுத்து வலிக்கும். "மேல பாருங்க, மெட்ராஸ் டெரஸ்! உத்திரத்து மேல சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லா, கோணலா அடுக்கியிருக்கான்!" இந்த வீதிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்த கதை அடுத்து வரும். அதற்கு மனைவியிடம் பதில் தயார்: "ஏங்க, கடற்கரையில அத்தாம் பெரிய பழைய நகராட்சி, அந்த மேரி கட்டடமே 2014 மழையில விழுந்துடுச்சு. நம்ம பின்கட்டு எம்மாத்திரம்?"

இருவருக்கும் பெரிய சண்டை முற்றத்தால் வந்தது. அம்மாளுக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட வேண்டும். சாருக்கு வீட்டுக்குள் மழை பெய்ய வேண்டும். மழை வருமுன் காக்கை வந்து மீன்முள்ளைப் போட்டது; கொசுவும் வந்தது. கம்பிவலையில் சமரசம் ஆயிற்று.

ஏசி மட்டும் கூடாது. தடித்த சுவர், சூடான காற்று முற்றம் வழியாக மேலே போய்விடும் என்பது அவர் விளக்கம். பொய்யில்லை, மார்ச் வரை வீடு குளுகுளுதான். ஆனால் மாடியில் ஓர் அறையில், தேக்கு மறைப்புக்குப் பின்னால், ஏசி ஒன்று உண்டு. பேரனுக்காகவாம். மே மாதத்தில் அத்தனை அறைகளையும் விட்டுவிட்டுக் குடும்பம் மொத்தமும் அந்த ஓர் அறையில்தான் பாய் விரிக்கிறது. சாரும் உண்டு, ஓரமாக.

ஞாயிறு காலைகளில் கல்யாண ஜோடிகள் படமெடுக்கத் திண்ணைக்கு வருகிறார்கள். சார் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்து, தூணைத் தடவியபடி கடுக்காயிலிருந்து ஆரம்பிப்பார்.

"அங்கிள், கொஞ்சம் உள்ள போயிடுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்பார் போட்டோக்காரர்.