ரிங் போன வண்டி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் ஓடியது. வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி, 948 சிசி. ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் காட்டி ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று மார்தட்டுகிறவர்கள் பலருக்கு, அதற்கு வெகுகாலம் முன்பே சென்னை ஓரத்தில் கார் செய்தார்கள் என்பது தெரியாது. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்து, வெற்றிலையைக் குதப்பியபடியே உள்ளே கைவிடுவார்.

அன்றைக்கு ஆயில் குடிப்பது ஒரு வியாதியே இல்லை. அம்பாசிடரோ பத்மினியோ ஹெரால்டோ, சில வருஷம் ஓடினால் பிஸ்டன் ரிங் மாற்றுவது பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. அதுவரை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு ஆயில் டின்னும் புனலும் இருக்கும்.

“நீலமா விடுதுங்கய்யா, இறக்கிடலாம்” என்பார் மெக்கானிக்.

“இறக்குப்பா” என்பார் அப்பா. பேச்சு அவ்வளவுதான்.

புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி என்ஜினைத் தூக்குவார்கள். பிஸ்டன்கள் மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறும். பிளாக் மட்டும் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் லேத்துக்குப் போய், போர் பண்ணிக்கொண்டு திரும்பும். பூட்டி முடித்ததும் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதிவிட்டு, மாட்டுவண்டிக்கும் மரியாதை கொடுத்து ஓட்டுவோம். வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்ற கேள்வியே வந்ததில்லை. வந்திருந்தாலும் என்ன செய்வது? பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் புது வண்டிக்குக் காத்திருந்த நாடு இது.

இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, அப்புறம் ராயல் என்ஃபீல்டு. டயர் வேண்டுமானால் அப்பல்லோ, அதுவும் ஒரகடத்திலேயே. என் செகண்ட் ஹேண்ட் வண்டி இந்த வட்டாரத்து வாசல் எதிலிருந்தாவது வந்ததா, வேற்றூரா என்று மட்டும் சொல்ல மாட்டேன். வயதான காலத்தில் பிறந்த வீட்டுப் பெயரைக் கெடுப்பானேன்? ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் குடிக்கிறது. அரை லிட்டர், ஒரு லிட்டர் வரை சகஜம் என்று சில கம்பெனிகளின் கையேடுகளே சொல்வது ஆறுதல். குடிக்கிறவனுக்கு எப்போதும் ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

பட்டறைக்கு ஓட்டிப் போனேன்.

“காலைல ஸ்டார்ட் பண்றப்ப குப்புனு வந்து நின்னுடுதா சார், இல்ல மேட்டுல மிதிச்சா வருதா?”

முதலாவது என்றால் வால்வு சீல், என்ஜினை இறக்காமலே முடிந்துவிடும். என்னுடையது இரண்டாவது. பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜை மாட்டினார். முள் சோம்பலாக நின்றது. அதே துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், விறுவிறுவென்று ஏறியது. ஆயில் போய் இடைவெளியை அடைத்தால் அழுத்தம் ஏறுகிறது என்றால், ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

“இறக்கிடலாமா தம்பி?”

ஏதோ அம்மி கொத்தக் கூப்பிட்டதுபோல் பார்த்தார். “இப்பல்லாம் யார் சார் இறக்குறாங்க? 45,000 ஆகும். வண்டியே எழுபதுக்குத்தான் போகும். புதுப்பேட்டைல ஹாஃப் என்ஜின் பாக்கலாம். இல்ல, எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புதுசு எடுத்துடுங்க.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மைலேஜுக்காக ரிங்குகளை மெல்லிசாக்கி, அழுத்தத்தையும் குறைத்துவிட்டார்கள்; ஆயில் ரிங்கில் கரி அடைத்தால் சுவரில் ஒட்டிய ஆயிலை அது வழிப்பதில்லை. சில அலுமினிய பிளாக்குகளின் உள்பூச்சில் ஊர் லேத் கைவைக்கவே முடியாது. எரியும் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். ஹெரால்டுக்குக் கொல்வதற்குக் கன்வெர்ட்டரே கிடையாது.

ஆனால் புகைப் பரிசோதனையில் வண்டி பாஸ். பெட்ரோல் வண்டியை நிறுத்தி வைத்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கிறார்கள். மேம்பாலம் ஏறும்போது நான் விடும் நீலம் எந்தக் கணக்கிலும் இல்லை, பின்னால் வருகிற பைக்காரரின் வசவைத் தவிர.

வீட்டில் கணக்குப் போட்டோம். ஆயில் மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. புது வண்டியின் தவணையோ பத்தாயிரத்தைத் தாண்டும். எதிர்ப்பக்கத்தில், அடுத்த வருஷம் வண்டிக்குப் பதினைந்து வயது. ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் இருந்ததை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் சேர்த்தாலும் பழசுதான் ஜெயிக்கிறது. ரிங்கைச் சேர்த்தால் முதல் சில மாதங்களுக்கு மட்டும் தோற்கிறது. ரிங் மாற்றாமல் ஊற்றி ஊற்றியே ஓட்டினால் கன்வெர்ட்டர் வந்து கணக்கைக் கலைக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரகடத்தில் என்ஜின் ஷாப்பில் வேலை. ரிங் மாற்றலாமா என்று அவனையே கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும் மாமா? என் ஸ்டேஷன்ல கனெக்டிங் ராடு போல்ட்ட டைட் பண்றதோட சரி. பிஸ்டன் எனக்கு முன்னாலயே உள்ள போயிடும். ரிங்க நான் கண்ணால பாத்ததே இல்ல” என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க இறக்குனா சொல்லுங்க, நானும் வர்றேன். பிரிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்.”

பட்டறையில் இதைச் சொன்னேன். மெக்கானிக் முகம் மலர்ந்தது.

“அவருக்கு வீக் ஆஃப் என்னிக்குனு கேளுங்க சார், அன்னிக்கே இறக்கிடலாம். தூக்கிப் புடிக்க ஆள் இல்லாமதான் நான் இந்த வேலையே எடுக்கறதில்ல. லேபர்ல 2,000 கொறச்சுக்கறேன்.”