ஒரு காய் அபராதம்

ராயபுரத்தில் நாங்கள் கேரம் ஆடிய கிளப் என்பது நாலு சுவர், ஒரு போர்டு, அதற்கு மேலே தகரக் கூம்புக்குள் தொங்கிய 100 வாட்ஸ் பல்பு, அப்புறம் அண்ணன். சட்டப் புத்தகம் எதுவும் கிடையாது. அண்ணன் வாயைத் திறந்தால் அது சட்டம். ‘இன்னாடா?’ என்று மட்டும் கேட்டால் அது தண்டனை.

ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். கிளப்பில் உட்கார இடம் இருக்காது. அப்போதெல்லாம் தடை 45 நாள். வேலையில்லாத அத்தனை கைகளுக்கும் ஒரே போர்டு. அடிதடி இல்லாமல் ஆட்டம் நடந்ததென்றால் அண்ணனின் சட்டம் அப்படி. கெலித்தவன் உட்காரலாம், தோற்றவன் எழுந்து அடுத்த ஆட்டத்துக்குப் போரிக் பவுடர் தூவ வேண்டும். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமலே ‘போட்டுட்டேன்’ என்று சாதிப்பவனுக்கு அடுத்த ஆட்டம் இல்லை. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால், போட்ட காயில் ஒன்றை எடுத்து எதிராளியிடம் அபராதமாகக் கொடுக்க வேண்டும், முணுமுணுக்காமல்.

போர்டின் விளிம்பில் டீ கிளாஸ் வைப்பது மகா பாவம். ஒரு பையன் வைத்துவிட்டான். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கிளாஸை எடுத்து மீதி டீயைத் தானே குடித்தார். கட்டையில் பதிந்திருந்த ஈர வட்டத்தைக் கைலி நுனியால் நிதானமாகத் துடைத்தார். காலி கிளாஸை அவன் கையில் திணித்து, ‘போய் நாலு டீ வாங்கினு வா’ என்றார். வாங்கி வந்தான். அதோடு வழக்கு முடிந்தது. அடுத்த டபுள்ஸில் அவன்தான் அண்ணனுக்கு ஜோடி.

இதைவிடப் பெரிய குற்றம், கட்டை விரலால் அடிப்பது. ‘இன்னா நைனா, டாஸ் போடுறியா?’ என்பார் அண்ணன். அடித்தவன் ஒரு வாரம் தலைகாட்ட மாட்டான்.

வேடிக்கை என்னவென்றால், சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் உருவானதே நம் சென்னையில்தான். அதன் சட்டப்படி கட்டை விரல் தாராளமாகச் செல்லும். எங்கள் கிளப்பில் ரெட்டுக்கு 5 புள்ளி. அங்கே 3தான், அதுவும் 21 புள்ளி வரைக்கும்தான். 22ஐத் தொட்டவருக்கு ரெட்டால் ஒரு பைசா லாபமில்லை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. டபுள்ஸில் ஜோடிக்கு யோசனை சொல்லக் கூடாது. ஜோடியைத் திட்டாமல் டபுள்ஸ் ஆடுவது எப்படி என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சென்னைக்காரர் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியனாகி, 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். ‘நம்ம ரூல்ல ஆடியிருந்தா இன்னும் ஈசியா கெலிச்சிருப்பாரு’ என்பது அண்ணனின் தீர்ப்பு.

2017 முதல் தடைக்காலம் 61 நாளாகிவிட்டது. கூடுதலாகக் கிடைத்த 16 நாளுக்கும் சேர்த்து செல்போன் வந்துவிட்டது. அதில் ஆடும் கேரம் பூல் விளையாட்டில் தப்பாட்டம் ஆட முடியாது. ஃபாலோ விட்டால் ரெட் தானாக நடுவுக்கு வரும். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் காயும் தானாக எழுந்து வரும். யோசித்துக்கொண்டே இருந்தால் முறை போய்விடும். யாரும் யாரையும் ‘இன்னாடா?’ என்று கேட்க வேண்டியதில்லை. போர்டில் சண்டைக்கு வழியில்லாமல் போகவே, அது வாட்ஸ்அப் குழுவுக்குக் குடிபெயர்ந்தது.

பழைய ஆட்டக்காரர்களின் குழு எங்களுடையது. அதற்கு எண் போட்ட விதிகள் உண்டு. காலை வணக்கப் படம் கூடாது. அரசியல் கூடாது. சாமி படம் கூடாது. கேரம் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்பது முதல் விதி. ஆகவே பெரும்பாலும் யாரும் எதுவும் பேசுவதில்லை. 2024இல் புது வண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். குழு விழித்துக்கொண்டது. நம்ம ஏரியாப் பொண்ணு என்று ஆளாளுக்குக் கைதட்டினோம். ஒருத்தர் வாழ்த்து போஸ்டர் ஒன்றைப் போட்டார். அதன் மூலையில் கட்சிக் கொடி தெரிகிறது என்று அட்மின் படத்தை நீக்கினார், போட்டவரையும் நீக்கினார். ‘ஏன்?’ என்று கேட்டவரை அடுத்து நீக்கினார். ‘கேட்டதற்கெல்லாமா நீக்குவது?’ என்று கேட்டது நான்.

அட்மின் வேறு யாருமில்லை, அன்றைக்கு டீ வாங்கப் போன அதே பையன்தான். அண்ணன் சொல்லாத விதிகளைக்கூட ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறான். அபராதம் கட்டியவனை அடுத்த ஆட்டத்துக்கே ஜோடியாக உட்காரவைத்தாரே, அது மட்டும் பட்டியலில் இல்லை. குழுவில் இருப்பது ஒரே தண்டனை, வெளியேற்றம். கேரமில் எத்தனை தப்பு செய்தாலும் காயைக் கொடுத்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். இங்கே கொடுப்பதற்குக் கையில் காயே இல்லை.

குழுவில் போட வழியில்லாததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பி, விதி மீறினோம் என்றே வைத்துக்கொள். அபராதத்தைச் சொல். மூன்று பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு டீ ஆகிறது. எந்தக் கடை என்று மட்டும் சொல், வாங்கி வருகிறோம்.