மத்தியமாவுக்கு அப்பால்

ஸ்பானிய மொழி கற்போரை வாட்டும் இடைநிலைத் தேக்கம், அதாவது இலக்கணம் தெரிந்தும் நா எழாத நிலை, பட்டாசுத் தொழில் ஊரான ஏழாயிரம்பண்ணையில் இந்தியின் வடிவில் குடியிருக்கிறது. காந்தியடிகளின் முயற்சியால் 1918-இல் தோன்றிய தட்சிண பாரத இந்திப் பிரச்சார சபையின் தேர்வுகளில் பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா எனப் படியேறியவர், பட்டாசு நிறுவனத்தில் கணக்கராக அமர்ந்து, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வடநாட்டு வியாபாரி தொலைபேசியில் அழைத்ததும் வாயடைத்துப்போகிறார். இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. செயப்படுபொருள் கொள்ளும் வினை, செயல் முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் வரும்போது எழுவாயோடு 'நே' என்னும் உருபு சேர, வினை பெரும்பாலும் செயப்படுபொருளின் பாலைத் தழுவும். ஆகவே 'பெட்டிகளை அனுப்பிவிட்டோம்' என்பதற்குப் பெட்டி ஆணா பெண்ணா என்று அவர் தீர்மானிப்பதற்குள் எதிர்முனை பொறுமையிழந்துவிடும்.

இலக்கணம் இப்படியொரு சிக்கல் வைத்திருப்பதே அறியாத சுமைதூக்கும் தொழிலாளியோ, வடநாட்டு லாரி ஓட்டுநரிடம் ஏற்றுகூலியையும் தேநீர்ச் செலவையும் பிழை மலிந்த இந்தியில் தடையின்றி வாதாடி வாங்கிவிடுகிறார். (இத்தேர்ச்சிக்குச் சான்றிதழ் கிடையாது.) குறை தம் படிப்பின் அளவில்தான் இருக்கிறது என்று நம்பும் கணக்கரோ, மேல்தேர்வுகளான விசாரதுக்கும் பிரவீணுக்கும் கட்டணம் செலுத்த ஆயத்தமாகிறார்.