‘இந்தா வந்துருச்சு’: வெள்ளகவிப் பாதையில் மனிதக் கால்களின் நடத்தை குறித்து

கொடைக்கானலுக்குக் கீழே, வட்டக்கானலில் தொடங்கி டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனால் வெள்ளகவி. இன்னும் இறங்கினால் கும்பக்கரை. தலைமுறை தலைமுறையாக ஊருக்கு நடைபாதைதான். அரிசி பருப்பு வந்து சேர்வதும், காபிக்கொட்டையும் பட்டர் ஃப்ரூட்டும் சந்தைக்குப் போவதும் குதிரை முதுகில். இல்லையென்றால் ஆள் தலையில். பஸ், ஆட்டோ முதலிய இடையூறுகள் இல்லாத காரணத்தால், நகரத்து மனிதனின் காலை அதன் இயல்பான, அதாவது பரிதாபமான நிலையில் ஆராய இதைவிடத் தோதான களம் இல்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

ஆய்வுச் சிக்கல் இதுதான். ‘இனி ஓரடி எடுத்து வைக்க முடியாது, என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்’ என்று பாறையில் சாய்ந்துவிட்ட மனிதன், ஐந்தே நிமிஷத்தில் எழுந்து எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போகிறானே, ஏன்?

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். பாவ்லோவின் நாயை வாசகர் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருப்பார். அதை வாசலில் கட்டிவிட்டு நேரே எலிக்குப் போகலாம். வில்லியம் எஸ்டெஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1943-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒலி கேட்டால் தீனி வரும் என்று எலியைப் பழக்கினார். அது தனிப் பாடம். பிடியை அமுக்கினால் தீனி வரும் என்பது இன்னொரு பாடம். பிறகு தீனியை அடியோடு நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் எழுப்பினார். எலி முன்னைவிட மும்முரமாகப் பிடியை அமுக்கியது. ஒலிக்கும் பிடிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதை எலிக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

இனி நம் களம். வெள்ளகவியிலிருந்து மூச்சு வாங்க ஏறி வருகிறவர் கண்ணில், டால்பின் நோஸ் பக்கம் நெருங்கும்போது மரங்களுக்கு நடுவே டீக்கடையின் நீலத் தார்ப்பாய் ஒரு துண்டு தெரியும். அவ்வளவுதான். டீ தெரியவில்லை, கடைக்காரர் தெரியவில்லை. ஆனால் பேச்சு நிற்கிறது, நடை நீள்கிறது, ஒரு கை தானாகச் சட்டைப்பையைத் தடவிச் சில்லறை பார்க்கிறது. கொஞ்சம் நெருங்கினால் தோரணம் கட்டிய மஞ்சள் மேகி பாக்கெட்டுகள். இன்னும் நெருங்கினால் கல்லில் முட்டை விழும் ‘சுர்ர்’. அதற்குள் முழங்கால் வலி முற்றாகக் குணமாகிவிடுகிறது. இம்மருத்துவ உண்மையை எலும்பு டாக்டர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தார். முதலில் சாறு வாயில் பட்டதும் துடித்த செல்கள், பழகப் பழக, சாறு வரும் என்று காட்டும் விளக்கு எரிந்ததுமே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் அடங்கிப் போயின. தார்ப்பாயை நம்பி ஏறி வந்தவர், கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் அப்படியே குந்திவிடுவது இதனால்தான். சோம்பலென்று சொல்லி அவரைப் புண்படுத்தக் கூடாது.

பசியால்தானே இந்த ஓட்டம் என்று ஒரு மறுப்பு எழலாம். எழட்டும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட்டையோ பாப்கார்னையோ திகட்டத் தின்றவர்கள்கூட, அதை நினைவூட்டும் குறியைக் காட்டியதும் அதற்குரிய பட்டனைத்தான் தேடி அமுக்கினார்கள். முந்தின கடையில் இரண்டு பிரெட் ஆம்லெட் முடித்தவர் அடுத்த கடையில் மூன்றாவதுக்குச் சொல்வதை வேறெப்படி விளக்குவது?

எதிர்த்திசைக் குறிகளும் உண்டு. எஸ்டெஸும் உளவியலாளர் ஸ்கின்னரும் 1941-லேயே, ஒலியை அடுத்து ஷாக் வரும் என்று கண்டுகொண்ட எலி, ஒலி கேட்டதும் பிடியை அமுக்குவதைக் குறைத்துவிடுவதைக் காட்டினார்கள். நம் களத்திலும் அப்படி ஒரு குறி உண்டு: வெள்ளகவிக்குள் செருப்புப் போடக்கூடாது. ஊரே கோயில் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. எல்லையில் செருப்பைக் கழற்றியதும் குழுவின் கும்மாளமும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் ஒருசேர அடங்குகின்றன. இதற்கு ஷாக் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த ஆய்வின் மகுடம் வேறொன்று. மூட்டை சுமந்து எதிரே வரும் ஊர்க்காரரிடம், “அண்ணே, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேளுங்கள்.

“இந்தா வந்துருச்சு தம்பி. கூப்பிடு தூரந்தேன்.”

வராது. இன்னும் நாலு வளைவு ஏறியும் வராது. அடுத்தவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கால் வேகமெடுக்கிறது. தீனியை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் எழுப்பிய எஸ்டெஸின் சோதனை, ஒரு எலிக்கூண்டும் இல்லாமல் பழனி மலையில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. லெப்டினன்ட் பி.எஸ். வார்டு 1821-ல் நில அளவைக்காக வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் கொடைக்கானலுக்கு ஏறினார். அவரிடமும் யாரேனும் ‘கூப்பிடு தூரம்’ என்றிருந்தால் நில அளவையின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஊர்க்காரர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் காலுக்கு அது கூப்பிடு தூரம்தான். தார்ப்பாயைக் கண்டு அவர் நடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வீட்டுக்கு அரிசி போய்ச் சேரவேண்டும், அதற்காக நடக்கிறார். நம் காலை நடக்கவைக்கத்தான் மேகி பாக்கெட் கட்டவேண்டியிருக்கிறது. எலியோடு ஒப்பிடத்தக்கவர் யார் என்பதில் இவ்வாய்வாளருக்கு ஐயமில்லை.

போக விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: மேகி உறையையும் தண்ணீர் பாட்டிலையும் காட்டில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். இவ்வாய்வுக்கு எந்த நிறுவனமும் நிதி வழங்கவில்லை. டீ, ஆம்லெட் செலவு முழுவதும் ஆய்வாளரின் சொந்தப் பணம்.